முதல் ஏர் பிஸ்டல் வாங்கும் முன்: வாரண்டி காகிதமா, பழுது பார்க்கும் கையா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஈரோட்டில் இருக்கிறோம். வார இறுதியில் கோயம்புத்தூர் போய் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுக்கிறாள். ஒரு வருடமாக கிளப் பிஸ்டலில்தான் சுடுகிறாள். இனி சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். எங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. வேறு மாநிலத்து டீலர் ஒருவர் எலக்ட்ரானிக் ட்ரிகர் (மின்சாரத்தில் இயங்கும் விசை) வைத்த புதிய மொரினி பிஸ்டலை வாரண்டியோடு தருகிறார். கல்லூரி முடித்துச் சுடுவதை விட்டுவிட்ட ஒரு பெண் தன்னுடைய ஏழு வருடப் பழைய ஸ்டெயர் பிஸ்டலைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறாள். என் கணவரின் நண்பர் ஜெர்மனியில் இருக்கிறார். அங்கே விலை குறைவு, கம்பெனி வாரண்டியும் உண்டு, அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். இவ்வளவு பணம் போட்டு எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்கியதில்லை. எது நம்பகமானது? வாரண்டியை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– ஒரு தாய், ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாவது வழியை இன்றே விட்டுவிடுங்கள். நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பெட்டியில் துணிமணியோடு வைத்துக் கொண்டுவரும் பொருள் அல்ல இது. துப்பாக்கி வகைச் சாமான்களை இறக்குமதி செய்ய உரிய அனுமதியும் காகிதங்களும் வேண்டும். அவை இல்லாமல் விமான நிலையச் சுங்கத்தில் மாட்டினால் பிஸ்டலும் போகும், நண்பருக்கும் தொல்லை. அனுமதியோடு வந்தாலும், ஜெர்மனிக் கடையில் வாங்கியதற்கு அந்தக் கடைதான் பொறுப்பு. பழுது வந்தால் மறுபடி அங்கே அனுப்ப வேண்டும், திரும்ப வரும்போது மறுபடி சுங்கம். அந்த வாரண்டி ஈரோட்டுக்கு எட்டாது.

மீதி இரண்டில் எது என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். போட்டித் தரத்தில் ஏர் பிஸ்டல் செய்யும் கம்பெனிகள் உலகத்தில் சிலதான். சுவிட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தினி. எல்லாமே துல்லியத்தில் உங்கள் மகளை விடப் பல படி மேலே இருக்கும் பிஸ்டல்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். இந்தப் பிஸ்டல்களில் எதையாவது வைஸ் என்ற இறுக்கியில் அசையாமல் பிடித்துவைத்து, ஒத்துப்போகும் பெல்லெட்டை (சின்ன ஈயக் குண்டு) போட்டுச் சுட்டால், ஐந்து ஷாட்டும் ஒரே ஓட்டையாக அந்த வட்டத்துக்குள்ளேயே விழும். எந்த பிராண்டு துல்லியமானது என்று இணையத்தில் நடக்கிற சண்டையைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் எதைப் பார்த்து வாங்குவது? பழுது வரும் நாளைப் பார்த்து வாங்க வேண்டும். நல்ல பிஸ்டலுக்கும் பழுது வரும். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில், அசாகா ரேஞ்சில் மனு பாக்கர் தகுதிச் சுற்றுச் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அவருடைய பிஸ்டலின் காக்கிங் லிவர், அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் தூக்கும் நெம்புகோல், உடைந்தது. சரிசெய்யப் போன நிமிடங்கள் போனவைதான். மிச்ச நேரத்துக்குள் மிச்ச ஷாட்டுகளை அவசரமாகச் சுட்டு 575 புள்ளியோடு 12ஆவது இடத்தில் முடித்தார். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு. உலகத் தரமான பிஸ்டல், தேசிய அணி, கூடவே கோச், இத்தனை இருந்தும் ஒரு சின்ன லிவர் அவரை நிறுத்தியது. அதே மனு பாக்கர் 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ‘நம்பகமான பிஸ்டல்’ என்று கடைக்காரர் சொன்னதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது, அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. உடைந்தால் யார் சரிசெய்வார், எத்தனை நாளில், எந்த ஊரில்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வாரண்டி அட்டையில் எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அதில் எதற்கு வாரண்டி இல்லை என்று இருக்கும் சின்ன எழுத்தை முதலில் படிப்பேன். பொதுவாகத் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான் பொறுப்பு ஏற்பார்கள். தேய்ந்துபோகும் பாகங்கள் அதில் வராது. ஏர் பிஸ்டலில் அடிக்கடி போவது எது தெரியுமா? காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங்கும் சீலும்தான். பிஸ்டலில் பொருத்திய காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை ரெகுலேட்டர் குறைத்துத் தருகிறது, ஃபயரிங் வால்வ் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதில் ஒரு சிட்டிகை எடுத்துவிடுகிறது. இந்த வழி முழுக்க ரப்பர் வளையங்கள். அவை காய்ந்தோ கிழிந்தோ போனால் காற்று கசியும், பெல்லெட்டின் வேகம் ஆடும். இதைச் சரிசெய்ய ஆகும் சாமான் செலவு சொற்பம். ஆனால் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால், ஐந்து வருட வாரண்டி அட்டை கையில் இருந்தும் பிஸ்டல் பெட்டியில்தான் கிடக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவருக்கு இதுதான் நடந்தது. வாரண்டிக் காலத்திலேயே ட்ரிகரில் கோளாறு. டீலர் மறுக்கவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். பிஸ்டலை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார். காகித வேலை, சுங்கம், அங்கே வரிசை, மறுபடி சுங்கம். இலவசமாகத்தான் சரிசெய்து கொடுத்தார்கள். ஆனால் அந்த வருட மாநிலப் போட்டியை அந்தப் பையன் கிளப் பிஸ்டலில் சுட்டான், தகுதிப் புள்ளி வரவில்லை. வாரண்டிப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துதான் இந்த முடிவு.

அதனால் பணம் அனுப்பும் முன் டீலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் வேண்டாம், எழுத்தில் பதில் வேண்டும். நீங்கள் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா? என் பிஸ்டலின் சீரியல் நம்பர் பில்லில் வருமா? வாரண்டி எந்தத் தேதியிலிருந்து, பில் தேதியா, கம்பெனி உங்களுக்கு அனுப்பிய தேதியா? பழுது வந்தால் பிஸ்டலை இந்தியாவிலேயே திறந்து பார்க்க உங்களிடம் ஆள் இருக்கிறாரா, கம்பெனியில் பயிற்சி எடுத்தவரா? சீல் செட், லிவர், எலக்ட்ரானிக் ட்ரிகரின் போர்டு (மின்சுற்றுப் பலகை) இவற்றைக் கையிருப்பில் வைத்திருக்கிறீர்களா, பழுது வந்த பிறகுதான் வரவழைப்பீர்களா? கூரியர் செலவு யாருடையது? பிஸ்டல் உங்களிடம் இருக்கும் நாட்களில் மாற்றுப் பிஸ்டல் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், பரவாயில்லை. பாகம் கையிருப்பு பற்றிய கேள்விக்கு நழுவலான பதில் வந்தால் அந்த இடத்தில் வாங்காதீர்கள், விலை பத்தாயிரம் குறைவாக இருந்தாலும் சரி. பதில் வர ஒரு வாரம் ஆனால் அதையும் கணக்கில் வையுங்கள். விற்கும் முன்பே இவ்வளவு தாமதம் என்றால் விற்ற பிறகு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

டீலரிடம் மட்டும் கேட்டு நிற்க வேண்டாம். அவரிடம் ஏற்கெனவே வாங்கிய இரண்டு மூன்று பெற்றோரைக் கோச் மூலம் பிடியுங்கள். ‘பிஸ்டல் எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ‘சர்வீஸுக்கு அனுப்பினீர்களா, எப்போது திரும்பி வந்தது’ என்று கேளுங்கள். உண்மை அதில் வரும்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் பலமாகவே இருக்கிறது, இதைப் பலர் அறிவதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஈரோட்டிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், டீலர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ‘கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது, நான் என்ன செய்ய’ என்று டீலர் கைவிரித்தால், இந்தியச் சட்டம் எட்டாத தயாரிப்பாளரின் பொருளுக்கு அதை விற்றவரையே பொறுப்பாக்கும் பிரிவும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், பல தகராறு அங்கேயே தீரும். இதற்கெல்லாம் அடிப்படை முறையான பில். ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்தப் பழைய ஸ்டெயர். பழையது என்பதால் ஒதுக்க வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்ட ஏழு வருடப் பிஸ்டல், ஒழுங்காகக் கையாளப்படாத புதிய பிஸ்டலை விட மேல். ஆனால் மூன்று விஷயத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முதலாவது சிலிண்டர். அதன் உடம்பில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பொதுவாக அந்தத் தேதியிலிருந்து பத்து வருடம்தான் அதற்கு ஆயுள். சர்வதேச விதிப்படி, தேதி தாண்டாத சிலிண்டரைப் பயன்படுத்துவது வீரரின் பொறுப்பு. ஏழு வருடப் பிஸ்டல் என்றால் மிச்சம் மூன்று வருடம். அதாவது உங்கள் மகள் நன்றாகச் சுடத் தொடங்கும் நேரத்தில் புதிய சிலிண்டர் வாங்க வேண்டிவரும். அந்த விலையைப் பாதி விலையோடு கூட்டிப் பாருங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தேதி தாண்டிய சிலிண்டரைப் பயிற்சிக்கு மட்டும் என்று கூட நிரப்ப விடாதீர்கள். 200 பார் என்பது கார் டயரில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட நூறு மடங்கு அழுத்தம். குழந்தையின் முகத்துக்கு அருகில் இருக்கும் பொருள் அது.

இரண்டாவது வேகச் சோதனை. பெரிய கிளப்புகளில் பெல்லெட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருக்கும். பத்து ஷாட் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்ச் பிஸ்டல் நொடிக்கு 150 மீட்டரை ஒட்டிய வேகத்தில் சுடும். எண் எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லை, ஷாட்டுக்கு ஷாட் அது எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் விஷயம். இரண்டு மூன்று மீட்டருக்குள் நின்றால் உள்ளே எல்லாம் நலம். ஐந்து, எட்டு என்று தாவினால் ரெகுலேட்டரோ வால்வோ வேலை கேட்கிறது. கூடவே சிலிண்டரை நிரப்பி மானோமீட்டர் (அழுத்தம் காட்டும் மீட்டர்) முள்ளை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் கசிவு.

மூன்றாவது ட்ரிகர். போட்டிக்கு முந்தைய சோதனையில் 500 கிராம் எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், ட்ரிகர் தாங்காமல் விடுபட்டுவிட்டால் அந்தப் பிஸ்டலைச் சுட விடமாட்டார்கள். ட்ரிகர் அந்த எடையைத் தாங்குகிறதா, அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கோச் பார்த்துச் சொல்லட்டும். அந்தப் பெண்ணிடம் பழைய பில்லையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் ட்ரிகரா, மெக்கானிக்கலா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எலக்ட்ரானிக் அருமையானது. லிவரைத் தூக்காமலே வீட்டில் டிரை ஃபயர் பயிற்சி (பெல்லெட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது) செய்து கொண்டே இருக்கலாம், ட்ரிகர் விடுபடும் இடம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். ஆனால் அதில் கோளாறு வந்தால் ஈரோட்டிலும் கோவையிலும் யாரும் திறக்க முடியாது, போர்டை மாற்றத்தான் வேண்டும். மெக்கானிக்கல் ட்ரிகரை அனுபவமுள்ள கோச் அலன் கீ வைத்தே சரிக்கட்டிவிடுவார். பெரிய ஊரில் சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் எலக்ட்ரானிக்கைத் தடுப்பதில்லை. உங்களுக்கு மெக்கானிக்கல்தான் சொல்வேன். மொரினியின் 162 வரிசை இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. மெக்கானிக்கல் கிடைக்குமா என்று அந்த டீலரிடம் கேளுங்கள்.

அதே போல, உங்கள் கிளப்பில் மற்ற பிள்ளைகள் எந்தப் பிராண்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலிண்டர் நிரப்பும் அடாப்டர் பிராண்டுக்கு பிராண்டு மாறும். எல்லோரும் ஸ்டெயர் வைத்திருக்கும் கிளப்பில் நீங்கள் மட்டும் வேறொன்றை வாங்கினால், அடாப்டர் மறந்த நாளில் பயிற்சி போயிற்று. போட்டியன்று சிலிண்டர் மக்கர் செய்தால் கடன் கொடுக்கவும் ஆள் இருக்காது. கோச்சுக்குக் கை பழகிய பிஸ்டல் என்றால் பாதி சர்வீஸ் கிளப்பிலேயே முடிந்துவிடும்.

கிரிப்பைப் (கைப்பிடி) பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 14 வயதுப் பெண்ணுக்கு இதுதான் முதல் விஷயம். கிரிப் சைஸ் சரியில்லாத விலை உயர்ந்த பிஸ்டலால் எந்தப் பயனும் இல்லை. சின்னக் கைக்கு எஸ் அல்லது எக்ஸ்எஸ் சைஸ் வேண்டும். டீலர் கையிருப்பில் இருக்கிற எம் சைஸைத் தள்ளிவிடப் பார்ப்பார், மரத்தைச் செதுக்கிக்கொள்ளலாம் என்பார். செதுக்கினால் அந்தக் கிரிப்புக்கு வாரண்டி போயிற்று, கை வளர்ந்த பிறகு மறுபடி வேறு வேண்டும். பழைய ஸ்டெயரின் கிரிப்பும் அந்தப் பெண்ணின் கைக்குச் செதுக்கியதாகவே இருக்கும், புதுக் கிரிப் விலையையும் கணக்கில் சேருங்கள். பிஸ்டலின் எடையையும் பாருங்கள். விதிப்படி 1,500 கிராம் வரை இருக்கலாம், மேட்ச் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். ஒரே கையில், நீட்டிய கையில், ஒன்றேகால் மணி நேரத்தில் 60 ஷாட். பயிற்சி முடியும் நேரத்தில் மகளின் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். களைத்துப்போகிறாள் என்றால் குழல் குட்டையான, எடை குறைந்த மாடலாகப் பார்க்கலாம். வாங்கும் முன் எந்தப் பிஸ்டலாக இருந்தாலும் ஒரு நாள் முழுப் பயிற்சி அதில் சுட்டுப் பார்க்க வேண்டும். டீலர் வெளியூரில் இருந்தால், அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரைக் கிளப்பில் தேடுங்கள்.

சரி, என் முடிவு. பழைய ஸ்டெயர் அந்த மூன்று சோதனையிலும் தேறி, புதிய கிரிப், சீல் மாற்றம் எல்லாம் சேர்த்தும் புதியதன் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் வந்தால், அதை வாங்குங்கள். 14 வயதில் அடுத்த மூன்று வருடத்துக்கு அது தாராளம். மிச்சப் பணம் பெல்லெட்டுக்கும் போட்டிக்குப் போய்வரும் செலவுக்கும் ஆகும், புள்ளி ஏறுவது அங்கேதான். ஒரு சோதனையில் தவறினால்கூட அதை விட்டுவிடுங்கள். டீலரின் மின்னஞ்சல் பதில் திருப்தியாக இருந்தால், மெக்கானிக்கல் ட்ரிகரோடு புதியது. இரண்டும் சரிப்படவில்லையா? இன்னும் ஆறு மாதம் கிளப் பிஸ்டலிலேயே சுடட்டும், குடி முழுகிப் போகாது.

எதை வாங்கினாலும் வாரண்டியும் பிஸ்டலும் கெடாமல் இருக்க ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலிண்டரில் காய்ந்த, சுத்தமான காற்று மட்டும்தான் போக வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் கைப்பம்பு அடித்தால் காற்றோடு தண்ணீரும் உள்ளே போகும், ரெகுலேட்டரில் துரு பிடிக்கும். அதைப் பார்த்ததும் சர்வீஸ் ஆள் வாரண்டி இல்லை என்பார், அவர் சொல்வது நியாயமும்கூட. கிளப்பில் ஸ்கூபா சிலிண்டரிலிருந்தோ ஃபில்டர் வைத்த கம்ப்ரசரிலிருந்தோ நிரப்புங்கள். மெடிக்கல் ஆக்சிஜன் சிலிண்டரில் நிரப்பலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், எண்ணெய்ப் பசை பட்டால் அது வெடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போன்றவற்றையும் பிஸ்டலுக்குப் போடக் கூடாது, கம்பெனி சொல்லும் கிரீஸ் மட்டும். சர்வீஸுக்குக் கூரியரில் அனுப்பும்போது சிலிண்டரைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு அனுப்புங்கள். என்ன பழுது, எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ‘சரியாகச் சுடவில்லை’ என்று எழுதினால் அவர்கள் நான்கு ஷாட் சுட்டுப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘150 பாருக்குக் கீழே வந்தால் ஷாட் கீழே விழுகிறது’ என்று எழுதினால் எங்கே தேடுவது என்று தெரியும்.

உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் துளை 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, பெல்லெட்டின் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைந்த ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. மேட்ச் பிஸ்டல் ஆறு ஜூலை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் கண்ணில் பட்டால் குருடாக்கும் பொருள் அது. வீட்டில் பூட்டிவையுங்கள், பஸ்ஸில் கொண்டுபோகும்போது பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. பில்லின் நகலும் கிளப் அடையாள அட்டையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். மகள் மைனர் என்பதால் பில் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ போடச் சொல்லுங்கள், விற்பவர் கேட்கும் முகவரிச் சான்றும் அதே பெயரில் இருக்க வேண்டும்.